நான்கு விநாடி வழக்கு

2024 ஆகஸ்ட் 15. பெண்கள் டூர் டி பிரான்ஸின் ஐந்தாம் நாள் ஓட்டம் பெல்ஜியத்தின் பாஸ்தோன்யேயில் புறப்பட்டு, எல்லை தாண்டி, பிரான்சின் ஆம்னேவிலை நெருங்கிக்கொண்டிருந்தது. முடிவுக்கோட்டுக்குச் சுமார் 6 கிலோமீட்டர் இருக்கும்போது கூட்டத்தின் நடுவே சைக்கிள்கள் சரிந்தன. விழுந்தவர்களில் முன்னிலையாளருக்குரிய மஞ்சள் ஜெர்சி அணிந்திருந்தவரும் ஒருவர்: முந்தைய ஆண்டின் வெற்றியாளர், நெதர்லாந்தின் டெமி ஃபோலெரிங். அவர் எழுந்து, சைக்கிளேறி, கோட்டைத் தொடுவதற்குள் முன்னால் போனவர்கள் 1 நிமிடம் 47 விநாடி விலகிவிட்டார்கள். அன்றைய ஓட்டத்தை வென்ற ஹங்கேரியின் பிளாங்கா வாஷ், ஃபோலெரிங்கின் சொந்த அணிக்காரர். இரண்டாவதாக வந்த போலந்தின் காஷா நியெவியாடோமா மஞ்சள் ஜெர்சியை வாங்கிக்கொண்டார். மூன்று நாள் கழித்து, ஆல்ப் துவெஸ் மலையின் 21 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முதலாவதாக வந்தவர் ஃபோலெரிங்தான். நியெவியாடோமா 1 நிமிடம் 1 விநாடி பின்னால், நான்காவதாக வந்து விழுந்தார். அன்று காலை அவர் கையில் இருந்த முன்னிலை 1 நிமிடம் 15 விநாடி. அதில் அந்த 61 விநாடியையும், அன்றைய வெற்றிக்காக ஃபோலெரிங்குக்குக் கிடைத்த 10 விநாடிச் சலுகையையும் கழித்தால் மிஞ்சுவது நான்கு. ஏழு நாளில் எட்டு ஓட்டங்கள், ஏறத்தாழ 950 கிலோமீட்டர், 24 மணி நேரத்துக்கும் மேற்பட்ட மிதிப்பு. முடிவில் நான்கு விநாடி வித்தியாசம். ஆண்கள் டூரையும் சேர்த்துப் பார்த்தாலும் இத்தனை குறுகிய இடைவெளியில் யாரும் வென்றதில்லை.

அதன்பின் மூண்ட சண்டைதான் இங்கே என் அக்கறை. கீழே விழுந்த தலைவிக்காக அணித் தோழிகள் ஏன் நிற்கவில்லை? மிஷா பிரேடவோல்ட் ஒருவர் மட்டும் பின்தங்கி வந்து உதவினார். மற்றவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா, காதில் மாட்டிய கருவியில் யார் என்ன சொன்னார்கள்? ஃபோலெரிங் ஆண்டு முடிவில் அணி மாறப்போகிறார் என்ற பேச்சுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? கடைசி நாளில் கிளாண்டோன் கணவாயில் ஃபோலெரிங் தாக்கிப் பிரிந்தபோது கூடவே ஒட்டிக்கொண்ட வேறு அணிக்காரர் பவுலினா ரூயாக்கர்ஸ், பள்ளத்தாக்கில் முறை மாற்றி இழுத்திருக்க வேண்டாமா? பின்னால் துரத்திய கூட்டத்தில் லூசிண்டா பிராண்ட் தன் அணிக்காக உழைத்தது நியெவியாடோமாவுக்கு அல்லவா கைகொடுத்தது? ரசிகர்கள் வாரக்கணக்கில் இதையே பேசினார்கள். ஒரு தரப்புக்கு ஃபோலெரிங் ஏமாற்றப்பட்டவர். இன்னொரு தரப்புக்கு அது நியெவியாடோமாவின் வெற்றியைக் களவாடும் பேச்சு. 2022, 2023 இரண்டிலும் மூன்றாவதாக வந்து காத்திருந்தவர் நேராக நின்று வென்றதை ஏன் ஒரு விபத்தின் அடிக்குறிப்பாக்குகிறீர்கள் என்று கேட்டார்கள். பெண்கள் விளையாட்டின் நலம் விரும்பும் பலருக்கு இந்தச் சச்சரவு வருத்தம் தந்தது. இவ்வளவு அழகான முடிவைக் கொண்டாடாமல் அடித்துக்கொள்கிறார்களே என்று நினைத்தார்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. அந்தப் பந்தயம் அதுவரை பெற்ற மரியாதைகளிலேயே பெரியது அந்தச் சண்டைதான்.

தமிழில் நாம் பழக்கத்தில் ஒன்றாக்கிவிட்ட இரண்டு சொற்கள் உண்டு: ரசிகர், ஆதரவாளர். ஆதரவாளர் தாங்கிப் பிடிக்கிறவர். தாங்கப்படுவது விழுந்துவிடக் கூடியது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ரசிகர் சுவைக்கிறவர், உப்பு கூடிப்போனால் சொல்லிவிடுவார். தாங்குகிறவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. பெண்கள் சைக்கிள் பந்தயத்தைப் பல பத்தாண்டுகளாகச் சுற்றி நின்றவர்கள் பெரும்பாலும் ஆதரவாளர்களே. அவர்களைக் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இன்று பேசுவதற்கே ஏதுமிருக்காது. 2013இல் எமா பூலி, மரியான் ஃபோஸ், காத்ரின் பெர்ட்டின், கிறிஸ்ஸி வெலிங்டன் ஆகிய நால்வர் பெண்களுக்கும் டூர் வேண்டும் என்று தொடங்கிய மனுவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். அதன் விளைவாக 2014இல் பாரிஸின் ஷான்ஸெலிஸே சாலையில் ஒரு நாள் பந்தயம் கிடைத்தது; ஃபோஸ் வென்றார். முழு டூர் வர மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. பெண்கள் குழு ஒன்று 2015 முதல் ஆண்டுதோறும், ஆண்கள் டூரின் முழுப் பாதையையும் ஒரு நாள் முன்னதாக ஓடிக் காட்டிக்கொண்டிருந்தது. பரிசில்லை, நேரக் கணக்கில்லை. எங்களால் முடியும் என்பதைச் சாலையின் மேலேயே எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த நிலையில் ஒவ்வொரு பந்தயமும் பெண்கள் பந்தயம் என்ற ஒன்று இருக்கலாமா என்ற தேர்வாக மாறிவிடுகிறது. 2022இல் பாரிஸின் ஈஃபல் கோபுரத்தடியில் தொடங்கிய முதல் பதிப்பை நினைத்துப் பாருங்கள். முதல் சில நாள்களில் பெரிய விபத்துகள் நடந்தன. உடனே, பெண்களுக்குக் கூட்டத்தில் சைக்கிள் ஓட்டத் தெரியவில்லை என்ற பேச்சு கிளம்பியது. ஆண்கள் பந்தயத்திலும் இதே அளவு விழுகிறார்கள் என்று பந்தய இயக்குநர் மரியோன் ரூஸ் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. விழுந்தவருக்குப் பெயர் இல்லை. விழுந்தது ஒரு பாலினம். இரண்டே ஆண்டில் ஆம்னேவிலில் நிலைமை மாறியிருந்தது. அங்கே விழுந்தவர் டெமி ஃபோலெரிங். பெண்கள் ஏன் விழுகிறார்கள் என்று ரசிகர்கள் கேட்கவில்லை. வாஷ் ஏன் நிற்கவில்லை என்று கேட்டார்கள். ஓட்டுகிறவர் தன் பாலினத்தின் பிரதிநிதியாக இருப்பதிலிருந்து விடுபட்டு, ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட முடிவை எடுத்த ஒருவராகத் தெரியத் தொடங்கியிருந்தார். பாராட்டால் இந்த விடுதலையைத் தர முடியாது. பாராட்டு எல்லோர் மேலும் ஒரே மாதிரி பொழியும். ஆளைப் பிரித்துப் பார்க்கக் குறைசொல்லும் கண் வேண்டும்.

குறை சொல்வதற்கு முதலில் பார்த்திருக்க வேண்டும். இந்த எளிய உண்மையில்தான் பழைய கதையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. 1984 முதல் 1989 வரை பிரான்சில் பெண்கள் டூர் ஒன்று நடந்தது. ஆண்கள் ஓடிய அதே நாள்களில், அதே சாலைகளின் பிற்பகுதியில், சில மணி நேரம் முன்னதாக. முதல் ஆண்டில் 18 நாள் ஓட்டங்கள். வென்ற அமெரிக்கர் மரியான் மார்ட்டினுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,000 டாலரும் ஒரு கோப்பையும். அடுத்த இரண்டு ஆண்டுகள் இத்தாலியின் மரியா கனின்ஸ், பிறகு மூன்று ஆண்டுகள் பிரான்சின் ஜானி லோங்கோ. சாலையோரத்தில் ஆண்களுக்காகக் காத்திருந்த லட்சக்கணக்கானோர் அவர்களையும் பார்த்துக் கைதட்டினார்கள். கனின்ஸ், லோங்கோ போட்டியைப் பிரெஞ்சுக்காரர்கள் பேசவும் செய்தார்கள். ஆனால் 1986ஆம் ஆண்டுப் பந்தயத்தில் எந்த மலையில், எந்த வளைவில், யார் செய்த எந்தத் தவறால் முடிவு மாறியது என்று இன்று இருவர் எதிரெதிரே அமர்ந்து வாதாட முடியுமா? 1989 ஆண்கள் டூரைப் பற்றி இன்றும் வாதாடுகிறார்கள். கிரெக் லெமாண்ட் 8 விநாடியில் லோரான் ஃபின்யோனைத் தோற்கடித்த கடைசி நாளில், அவர் கைப்பிடியில் பொருத்தியிருந்த நீட்டுக்கம்பி நியாயமா, ஃபின்யோன் தலைக்கவசம் போடாமல் குதிரைவால் முடியைப் பறக்கவிட்டு ஓட்டியது எத்தனை விநாடியைத் தின்றது என்று, அன்று பிறக்காதவர்கள்கூடக் கணக்குப் போடுகிறார்கள். அந்தச் சண்டைதான் அந்த ஆண்டை உயிரோடு வைத்திருக்கிறது. அதே ஆண்டு, அதே நாட்டில் லோங்கோ வென்ற டூருக்கு அப்படி வாதாட ஆளில்லை. அவருக்குப் பட்டியலில் ஓர் இடம் மட்டும் கிடைத்தது.

இதற்கு ரசிகர்களின் மனப்பான்மையை மட்டும் காரணம் சொல்வது சரியில்லை. சாலையோரம் நிற்பவர் பார்ப்பது சில விநாடிக் காட்சிதான். மணிக்கணக்கில் காத்திருந்தால் ஒரு வண்ணக்கூட்டம் காற்றைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். பல நாள் பந்தயத்தின் காரண காரியம் முழுக்க, யார் யாருக்காக இழுத்தார், யார் நிற்காமல் போனார் என்பது முழுக்க, மோட்டார்சைக்கிளிலும் ஹெலிகாப்டரிலும் உள்ள கேமராவில்தான் இருக்கிறது. உச்ச நிலையான பெண்கள் உலகச் சுற்றுப் பந்தயங்களுக்கு 45 நிமிட நேரலையாவது கட்டாயம் என்ற விதி வந்தது அண்மையில்தான். அந்த அளவுகூடத் தர முடியாததால் இத்தாலியின் மூத்த பெண்கள் பந்தயமான ஜீரோ ரோசா 2021இல் அந்த நிலையிலிருந்து இறக்கப்பட்டது. 45 நிமிடத்தில் முடிவு தெரியும். முடிவுக்கான காரணம் பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். காரணம் தெரியாத பார்வையாளருக்கு வாழ்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. 2022 முதல் டூர் நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நேரலையில் வருகிறது. கிளாண்டோன் ஏற்றத்தில் தொடங்கி ஆல்ப் துவெஸ் உச்சி வரை, இடைவெளி கூடுவதும் குறைவதும் விநாடிவாரியாக எல்லார் கண்ணெதிரிலும் நடந்தது. நடுவர் பார்த்ததை ரசிகரும் பார்த்தார். அதனால்தான் அவர் தீர்ப்புச் சொல்லத் துணிந்தார்.

இனி அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கத்துக்கு வருவோம். சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் ஒட்டி வருபவருக்கு உழைப்பில் மூன்றிலொரு பங்கு வரை மிச்சமாகும். ஆகவே விழுந்து எழுந்த ஒருவருக்கு இரண்டு தோழிகள் முன்னால் இழுத்துக் கொடுப்பதும், அவர் தனியே மிதிப்பதும் ஒன்றில்லை. நான்கு விநாடியில் தோற்ற பந்தயத்தில் இந்தக் கேள்வி எழாமல் போனால்தான் வியப்பு. எழுதப்பட்ட விதி தெளிவானது: கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தால், விழும்போது எந்தக் கூட்டத்தில் இருந்தாரோ அதன் நேரம் தரப்படும், அதற்கு வெளியே விழுந்தால் அவரவர் நேரம் அவரவருக்கு. அதற்கப்பால் இருப்பது எழுதாத முறை. தலைமை ஜெர்சிக்காரர் தன் தவறின்றி விழுந்தால் அதைப் பயன்படுத்தித் தாக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. தமிழில் வழக்கு என்ற சொல் இரண்டையும் குறிக்கும்: நெடுநாள் பழக்கத்தால் நிலைத்தது, மன்றத்தில் வாதிடப்படுவது. இந்த எழுதாத முறைகள் இரண்டு பொருளிலும் வழக்குகளே. வாதிட்டுத்தான் அவை நிலைக்கின்றன. 2010 ஆண்கள் டூரில் ஆண்டி ஷ்லெக்கின் சங்கிலி கழன்ற நேரத்தில் ஆல்பெர்ட்டோ கொன்டாடோர் தாக்கி 39 விநாடி பெற்றார். பாரிஸில் அவர் வென்றதும் அதே 39 விநாடியில். மேடையில் அவரைக் கூச்சலிட்டு வரவேற்றவர்கள் ரசிகர்கள். பின்னர் ஊக்கமருந்து வழக்கில் பட்டமே பறிபோனாலும், இந்த வழக்கு தனியே நடந்துகொண்டுதான் இருக்கிறது. பெண்கள் பந்தயத்தில் இதற்கு ஈடானது 2023 ஸ்பெயின் சுற்று. தலைமைச் சிவப்பு ஜெர்சியிலிருந்த ஃபோலெரிங் இயற்கை உபாதைக்காக நின்றபோது, பக்கக்காற்று வீசும் பகுதியில் மொவிஸ்டார் அணி வேகத்தைக் கூட்டியது. அந்த இடம் முன்பே குறித்து வைத்தது என்றது அணி. மொவிஸ்டாரின் அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் கடைசியில் வென்றது 9 விநாடியில். எழுதாத முறை மீறப்பட்டதா, இல்லையா என்று அன்று பிரிந்த ரசிகர்கள் இன்னும் சேரவில்லை.

ஆம்னேவிலில் நியெவியாடோமா எந்த முறையையும் மீறவில்லை என்பதே என் கருத்து. கடைசி ஆறு கிலோமீட்டரில், வேகம் உச்சத்தில் இருக்கும்போது, யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. போட்டியாளருக்கு அந்தக் கடமையும் இல்லை. கேள்வி ஃபோலெரிங்கின் சொந்த அணியான எஸ்டி வொர்க்ஸைப் பார்த்துத்தான். அங்கும் முழுக் குற்றம் சுமத்த எனக்குத் தயக்கம் உண்டு. வேகத்தில் பறக்கும் ஒருவருக்கு, பின்னால் யார் விழுந்தார் என்பது தெரிய நேரமாகும். தெரிந்த பிறகு நின்று காத்திருப்பதால் எத்தனை விநாடி மீளும் என்பதும் உறுதியில்லை. ஆனாலும் அன்று மீளக்கூடியது ஐந்தே விநாடி என்றாலும் டூர் கைமாறியிருக்கும். இப்படி இரண்டு பக்கமும் எடை உள்ள கேள்வியைத்தான் ரசிகர்கள் வாரக்கணக்கில் புரட்டினார்கள். வெற்று ஆரவாரத்துக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது.

மறுப்பாக மூன்று விஷயங்கள் சொல்லலாம். முதலாவது பணம். பெண்கள் டூர் வெற்றியாளருக்கு 50,000 யூரோ, ஆண்கள் டூர் வெற்றியாளருக்கு 5,00,000. பத்திலொரு பங்கு வாங்குகிறவரிடம் முழு அளவு எதிர்பார்ப்பை வைத்துத் திட்டுவது நியாயமா? இதன் நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம் வரும் வழியைப் பார்த்தால், அது இரக்கத்தின் பின்னால் நெடுநாள் வந்ததில்லை. ஆதரவை மட்டுமே நம்பியிருந்த பழைய பெண்கள் டூர் ஒவ்வொன்றும் ஆதரவாளர் சோர்ந்தபோது மறைந்தது. 1989க்குப் பின் வேறு பெயர்களில் தொடர்ந்த பந்தயம் 2009இல் நான்கே நாளாகச் சுருங்கி நின்றுபோனது. மறுநாள் என்ன ஆகும் என்று தவிக்கிறவர்களை நம்பித்தான் ஒளிபரப்பாளர் நேரம் ஒதுக்குகிறார். இரண்டாவது மறுப்பு, இந்தச் சண்டைக்குணமே ஆண்கள் பந்தயத்திலிருந்து வந்த தொற்று, பெண்களின் பந்தயம் வேறு பண்போடு வளரட்டும் என்பது. நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். என்றாலும், பெண்கள் விளையாட்டில் வன்மமும் தந்திரமும் இருக்கக் கூடாது என்று கேட்பது, அதை மீண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதாகும். ஃபான் ஃப்ளூட்டன் ஈவிரக்கமற்ற போட்டியாளர். அவரது பெருமையே அதில்தான்.

மூன்றாவது மறுப்பு என்னை உண்மையாகவே நிறுத்துகிறது. குறைசொல்லும் கண் செயலோடு நிற்பதில்லை, உடலுக்கு இறங்கிவிடுகிறது. 2025 பெண்கள் டூரில் மதலேன் மலையில் பவுலின் ஃபெரான்-ப்ரெவோ எல்லாரையும் உதறிவிட்டு ஏறி மஞ்சள் ஜெர்சியை வென்றார். மறுநாள் ஷாத்தெலில் அதே ஜெர்சியோடு இன்னொரு வெற்றி. 1989இல் லோங்கோவுக்குப் பின் டூர் வென்ற முதல் பிரெஞ்சுப் பெண். ஆண்களையும் சேர்த்தால் 1985இல் பெர்னார் இனோவுக்குப் பின் முதல் பிரெஞ்சுக்காரர். நாடே கொண்டாடியது. ஆனால் அந்த வாரத்தின் பேச்சில் பெரும்பகுதி அவர் எவ்வளவு மெலிந்திருந்தார் என்பதைப் பற்றியே இருந்தது. இந்தப் பந்தயத்துக்காக எடை குறைத்ததை அவரே மறைக்கவில்லை. ஆண்டு முழுக்க இப்படி இருக்க முடியாது என்றும் சொன்னார். இரண்டாவதாக வந்த ஃபோலெரிங், தன் உடலை அந்த அளவுக்கு மெலிய வைக்க விரும்பவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். இரண்டு பேருக்கும் பின்னால் இரண்டு ரசிகர் படைகள் அணிவகுத்தன. இங்கே எல்லை எங்கே? செங்குத்தான ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவும் விநாடியாக மாறுகிறது. ஆகவே எடை பந்தயத்தின் காரண காரியத்துக்கு வெளியே இல்லை. அதைப் பேசக் கூடாது என்று வாயடைக்க முடியாது. வாயடைத்தால், வளரும் சிறுமிகளிடம் பட்டினியைப் பயிற்சி என்று சொல்லும் பயிற்சியாளருக்குத்தான் லாபம். அணி மருத்துவர் என்ன கண்காணிக்கிறார், பாதையில் எத்தனை மலையை அமைப்பாளர் அடுக்குகிறார், எந்த அளவுக்குக் கீழே போனால் ஓட்டவிடக் கூடாது என்று விதி சொல்ல வேண்டும்: இவை ரசிகர் கேட்கத்தக்கவை. ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு அவள் தோள்பட்டை எலும்பைச் சுட்டிக்காட்டுவது வேறு. அவர் அன்று எடுத்த எந்த முடிவைப் பற்றியும் அது பேசவில்லை. அவரை மறுபடியும் பெயரில்லாத உடலாக்குகிறது. 2022இல் விபத்துகளைப் பார்த்துப் பெண்களுக்கு ஓட்டத் தெரியாது என்றவர்கள் செய்ததும் இதையேதான். ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கிறது என்று நான் நினைக்கவில்லை; எதை ரசனை என்று ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்பதை அது இன்னும் கறாராகப் பிரிக்கச் சொல்கிறது. அப்படிப் பிரிப்பது எளிது என்று சொல்ல மாட்டேன். ஃபெரான்-ப்ரெவோவைப் பற்றிக் கவலைப்பட்டவர்களில் உண்மையான பரிவோடு பேசியவர்களும் இருந்தார்கள். கேட்பவர் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்திருக்கக்கூடும்.

ஃபோலெரிங் 2024ஆம் ஆண்டோடு எஸ்டி வொர்க்ஸை விட்டுப் பிரெஞ்சு அணி ஒன்றுக்குப் போனார். நியெவியாடோமா 2025இல் மூன்றாவதாக வந்தார். நான்கு விநாடி வழக்கு மட்டும் ஊர்ஊராக நடக்கிறது. அதில் இப்போது ஒரு புதிய கிளை முளைத்திருக்கிறது. 2024 ஆண்கள் டூரில் சில சமதள ஓட்டங்களுக்கு அந்த 3 கிலோமீட்டர் பாதுகாப்பு எல்லையை 5 ஆக நீட்டிப் பார்த்தார்கள். பெண்கள் டூரிலும் அப்படி நீட்டியிருந்தால் ஃபோலெரிங் வென்றிருப்பார் என்று ஒருவர் தொடங்குவார். இல்லை, அவர் விழுந்தது ஆறாவது கிலோமீட்டருக்கும் அப்பால் என்று அடுத்தவர் வரைபடத்தை விரிப்பார்.